டாக்டர் ஆசை யாருடையது? திருப்பூர்க் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 2022 முதல் 2025 வரை நடந்த விஷயம் இது. நான் அங்கே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். உயர்கல்வி வழிகாட்டல் வேலையும் என்னிடம்தான் இருக்கிறது. மாணவி, அவளுடைய அப்பா, அம்மா மூவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அப்பா தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்ன வயதில் பனியன் கம்பெனிக்குக் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக வந்தவர். அப்புறம் டெய்லர், அப்புறம் சொந்தமாகப் பவர்டேபிள். வாடகைக் கட்டடத்தில் சில ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மிஷின்களைப் போட்டு, பெரிய கம்பெனிகளிலிருந்து கட்டிங் ஆன துணியை வாங்கி வந்து தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். பீஸ் ரேட்தான். அம்மா அதே யூனிட்டில் செக்கிங் பார்க்கிறார். இரண்டு பேருமே பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் இல்லை. ஒரே மகள், தமிழ் வழி, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்.

பதினொன்றில் பயோ மேத்ஸ் குரூப் எடுத்தாள். அந்தக் கையோடு தனியார் மையம் ஒன்றில் வார இறுதி நீட் வகுப்பிலும் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கான கட்டணத்தில் பாதியை, போட்டுக்கொண்டிருந்த சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினார் அப்பா. தள்ளி எடுப்பதில் எவ்வளவு போகும் என்று சீட்டுப் போடுகிறவர்களுக்குத் தெரியும். அது அந்த வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை.

சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்குப் பேரே ‘டாக்டரம்மா’தான். ஏன் அந்தப் பேர் வந்தது என்பதில்தான் இந்த நிகழ்வின் முடிச்சு இருக்கிறது.

கவனித்தவை

2022 காலாண்டுத் தேர்வில் கணக்கிலும் இயற்பியலிலும் அவள் மதிப்பெண் நன்றாகவே இருந்தது. உயிரியல் மட்டும் விழுந்திருந்தது. விழுந்த விதத்தில் ஒரு விசித்திரம் இருந்ததை உயிரியல் ஆசிரியர் சொன்னார். ரெக்கார்டு நோட்டில் படங்கள் அச்சடித்த மாதிரி இருக்கும், வகுப்பில் கேட்டால் பதில் வராது. தவளை இதயத்தைப் பென்சில் ஷேடிங்கோடு வரைந்தவளுக்கு அதன் அறைகள் எத்தனை என்று சொல்ல ஆர்வமில்லை.

நீட் மையத்தில் மாதிரித் தேர்வு நடக்கும் ஞாயிறுகளில் தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி விடுப்பு. வகுப்பு ஆசிரியருக்கு உடனே செல்போன் மேல்தான் சந்தேகம். நம் ஆசிரியர் அறைகளில் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் காரணம் இரண்டுதான், ஒன்று போன், இல்லை காதல். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏனென்றால் என் வகுப்பில் அவள் கவனம் கொஞ்சமும் சிதறவில்லை, போனில் மூழ்கியவள் கணக்கில் மட்டும் விதிவிலக்கு வாங்கிவிட முடியாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. விகிதம், சதவீதம் வரும் கணக்குகளுக்கு வகுப்பில் நான் உதாரணம் தேடும்போதெல்லாம் அவள் பனியன் கணக்கைச் சொல்வாள். டீ-சர்ட் 160 கிராம் என்றால் ஒரு கிலோ துணிக்கு 6 பீஸ் என்று போடக் கூடாது மிஸ், கட்டிங் வேஸ்ட் போனால் 5தான் தேறும் என்பாள். அப்பாவின் யூனிட்டில் சாயங்காலம் உட்கார்ந்து பீஸ் ரேட் நோட்டு எழுதுவது அவள்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த வருடம் ஒரு கழுத்து மாடலில் பேட்லாக் ஒரு முறை கூடுதலாக ஓட்ட வேண்டியிருந்ததை ரேட் பேசும்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்றும், பீஸுக்குப் பைசாக் கணக்கில் நஷ்டம் போவதைத் தானே கண்டுபிடித்துச் சொன்னதாகவும், அடுத்த லாட்டுக்கு அப்பா ரேட்டைக் கூட்டிக் கேட்டு வாங்கியதாகவும் ஒருமுறை சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை நான் குறித்து வைத்துக்கொண்டேன். நீட் பற்றிக் கேட்டால் அந்த முகம் இல்லை.

இரண்டு தாள்கள்

அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் வழிகாட்டல் நடப்பதைப் பார்த்து, எங்கள் பள்ளியிலும் எங்கள் அளவில் ஏதாவது செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். வழக்கமாக எல்லோரும் செய்வது, ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் பேச வைப்பது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. அதற்குப் பதிலாக நவம்பரில் பெற்றோர் கூட்டத்தன்று பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு சின்ன வேலை வைத்தோம்.

மாணவருக்கு ஒரு தாள், வந்திருக்கும் பெற்றோருக்கு ஒரு தாள், தனித்தனி அறையில். இரண்டு தாளிலும் இரண்டே கேள்வி. மாணவர் தாளில்: உனக்கு என்னவாக ஆசை? நீ என்னவாக வேண்டும் என்று உன் அப்பா அல்லது அம்மா விரும்புகிறார்? பெற்றோர் தாளில்: உங்கள் பிள்ளை என்னவாக வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள்? உங்கள் பிள்ளை என்ன விரும்புகிறது? எழுதத் தயங்கும் பெற்றோருக்கு நாங்களே கேட்டு எழுதிக்கொண்டோம்.

எல்லாத் தாள்களையும் இங்கே அலசப் போவதில்லை. பொதுவாகக் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். பெற்றோர் பலர், பிள்ளை எப்போதோ சொன்னதை இன்றைய ஆசையாக எழுதியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் போலீஸ் என்று சொன்ன பையன் அப்பாவின் தாளில் இன்னமும் போலீஸ்தான். பிள்ளைகளோ அப்பா அம்மா வாய்விட்டுச் சொல்லாததை ஊகித்து எழுதியிருந்தார்கள், பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி அப்பா பெருமையாகப் பேசியதிலிருந்து.

இந்த மாணவியின் தாளில் இருந்தது இது. தன் ஆசை: கார்மெண்ட்ஸில் மெர்ச்சண்டைசர் (ஆர்டரை வாங்கி, முடித்து அனுப்பும் வரை பின்தொடரும் ஆபீஸ் வேலை). அப்பாவின் ஆசை: டாக்டர், அதற்குக் கீழே ஒரு கோடு வேறு. அப்பாவின் தாளில் இருந்தது: தன் ஆசை, “மாசம் பொறந்தா சம்பளம் வர்ற ஏதோ ஒரு ஆபீஸ் வேலை, பேங்க் மாதிரி.” மகளின் ஆசை: “டாக்டர்.”

டாக்டர் ஆக வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவர்கூட ஆசைப்படவில்லை. ஆனால் சீட்டு எடுத்துப் பணம் கட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

அந்த இரண்டு தாளையும் அன்றைக்கே அப்பாவிடமும் மகளிடமும் நீட்டியிருக்கலாம். உடன் வேலை பார்த்த ஆசிரியர் அதைத்தான் சொன்னார், ஐந்து நிமிடத்தில் முடியும் விஷயம் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் என்னை நம்பி எழுதியிருக்கிறாள். அதை அவளுக்குத் தெரியாமல் அப்பாவிடம் காட்டினால், அடுத்த வருடம் ஒரு பிள்ளையும் அந்தத் தாளில் உண்மையை எழுதாது. இன்னொரு பயமும் இருந்தது. மெர்ச்சண்டைசர் என்ற சொல்லைப் பார்த்ததும் அப்பா எப்படி எடுத்துக்கொள்வார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் டாக்டர் கேட்கவில்லை என்பதால் பனியன் தொழிலைக் கேட்கிறார் என்று அர்த்தமில்லையே.

அதனால் முதலில் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். அப்பாவுக்கு டாக்டர் ஆசை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் யாரோ, பெரியவளாகி என்ன ஆகப்போறே என்று கேட்டிருக்கிறார்கள், இவள் டாக்டர் என்று சொல்லியிருக்கிறாள். அந்த வயதில் முக்கால்வாசிப் பிள்ளைகள் சொல்லும் பதில்தான். அப்பா அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். “அவ்ளோ சந்தோஷமா அவர நான் பாத்ததே இல்ல மிஸ். அப்புறம் எப்பிடி மாத்திச் சொல்றது?” குரூப் எடுக்கும்போது அப்பா, பயோ மேத்ஸ்தானே பாப்பா என்று கேட்டிருக்கிறார். ம் என்றிருக்கிறாள். அவர் கேட்டது தன் விருப்பத்தை உறுதிப்படுத்திக்கொள்ள என்று அவள் நினைத்தாள்.

அப்பாவிடம் பேச அவள் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு: நானும் கூட இருக்க வேண்டும், மெர்ச்சண்டைசர் என்பதை அவளே சொல்வாள்.

அடுத்து அப்பா தனியாக. அதே கேள்வியைத் திருப்பிப் போட்டேன், மகளுக்கு டாக்டர் ஆசை என்று எப்படித் தெரியும்? அவரும் அதே கல்யாண வீட்டைத்தான் சொன்னார். “அத்தனை பேர் முன்னாடி சொன்னாளுங்க டீச்சர். அவ ஆசைப்படறாளேன்னுதானுங்க சீட்டெடுத்துக் கட்டினேன். முடியாதுன்னு சொன்னா, அப்பன்கிட்ட காசில்லன்னு மனசுக்குள்ள நெனச்சுக்குவாளோன்னு ஒரு இது.” குரூப் விஷயத்தில், அவள் ம் என்று சொன்னது அவருக்கு அவள் ஆசைக்கு உறுதி.

ஒரே ஒரு நிகழ்வு, ஒரே ஒரு ‘ம்’. இரண்டு பேரும் அவற்றை எதிராளியின் விருப்பத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார்கள். பெற்றோர் தங்கள் ஆசையைப் பிள்ளைகள் மேல் திணிக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம், திணிப்பவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் நான் பார்க்கும் வீடுகளில் இந்த மாதிரி ஒருவர் மேல் ஒருவர் வைத்த பாசத்தாலேயே வாயைத் திறக்காமல் இருப்பவர்களும் நிறைய.

அவருக்கு இன்னொரு தவறான தகவலும் இருந்தது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எப்படியும் சீட் கிடைத்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்த அந்த உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். எங்களுடையதைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. அரசு சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள், அரசு கொடுக்கும் இலவசப் புத்தகம், சைக்கிள், இதையெல்லாம் பார்க்கும் பெற்றோருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிய வைத்திருக்க வேண்டியது அட்மிஷன் போடும்போதே. அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம், “அப்ப நீட் எழுதாம கால்நடை டாக்டராவது ஆகலாமுங்களா?” என்றார். கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் நீட் வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான், அது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்போதும் அவர் மகள் சொன்னதாக நினைத்த ஆசையைத்தான் காப்பாற்றப் பார்த்தார், தன்னுடையதை அல்ல.

மூன்றாவதாக, மூவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். அவள் சொன்னாள். முதலில் டாக்டர் வேண்டாம் என்றாள், அப்பா முகத்தில் தெரிந்தது நிம்மதிதான், ஏமாற்றம் இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த இடத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும்.

உண்மையான கருத்து வேறுபாடு

மெர்ச்சண்டைசர் என்று அவள் சொன்னதும் அவர் முகம் மாறியது. “இந்த லைன் மட்டும் வேண்டாம் பாப்பா.” அதற்கு மேல் அன்றைக்குப் பேச்சு ஓடவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் பல நாள் கழித்துத்தான் முழுசாகக் கேட்க முடிந்தது, அதுவும் அவர் யூனிட்டில், மிஷின் சத்தத்துக்கு நடுவில். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது அவர் ஒரு கம்பெனியில் டெய்லர். சாயம் ஓடாவிட்டால் துணி வராது, துணி வராவிட்டால் கட்டிங் இல்லை, தையல் இல்லை. பல மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள்தான் வேலை. மகள் அப்போது கைக்குழந்தையைத் தாண்டிய வயது. 2020இல் ஊரடங்கு, சொந்த யூனிட் தொடங்கிய கொஞ்ச காலத்தில். வெளிமாநிலத் தொழிலாளர்கள் கிளம்பிப் போனது, மிஷின்கள் சும்மா கிடக்க வாடகை மட்டும் ஓடியது. 2022இல் நூல் விலை ஏறி, கம்பெனிகளே உற்பத்தியை நிறுத்திப் போராடிய நாட்கள். இத்தனைக்கும் நடுவில் பெரிய கம்பெனி பில் பாஸ் ஆக மூன்று மாதம், ஆனால் இவர் ஆட்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கையில் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும்.

இதெல்லாம் பணம் பற்றியது. பொம்பளப் பிள்ளைகளைப் பற்றியது தனி. ஷிப்மெண்ட் நெருங்கும்போது ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு வரை கம்பெனியில் பெண்கள் இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். சூப்பர்வைசர்கள் பேசும் பேச்சையும் கேட்டிருக்கிறார். அதில் தன் மகளை வைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. மகளுக்கு இது எதுவும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அப்பா தொழிலை ரசித்துச் செய்பவர், அவள் நோட்டு எழுதினால் சந்தோஷப்படுபவர். அவரைப் பொறுத்தவரை மகள் நோட்டு எழுதுவது அப்பாவுக்கு ஒத்தாசை, அவ்வளவுதான். அவள் அந்தப் பேட்லாக் நஷ்டத்தைக் கண்டுபிடித்ததை அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார், ஆனால் அதை ஆர்வம் என்று அவர் ஒருபோதும் படிக்கவில்லை. சமையலறையில் கை உதவுவதைப் போல அதையும் எடுத்துக்கொண்டார்.

இங்கே நான் எடுத்த நிலை: யார் பக்கமும் பேசுவதில்லை. அவர் சொன்ன ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் அவர் பார்த்தது தையல் தளத்திலிருந்து, அவள் கேட்பது ஆபீஸ் பக்கத்து வேலை. பையரிடமிருந்து ஆர்டர் விவரம் வாங்கி, சாம்பிள் போட்டு அனுப்பி, காஸ்டிங் பார்த்து, நூலிலிருந்து பேக்கிங் வரை எது எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று துரத்துவது மெர்ச்சண்டைசர் வேலை. அதைச் செய்யும் ஆளை இருவரும் நேரில் பார்க்கட்டும் என்று எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருவரை ஏற்பாடு செய்தேன். நல்லதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லவும் இல்லை. ஷிப்மெண்ட் தாமதமானால் திட்டு முழுக்கத் தனக்குத்தான், பையர் ஐரோப்பா என்றால் சாயங்காலம்தான் மெயில்கள் வரத் தொடங்கும், பெண்கள் கல்யாணமானதும் விட்டுவிடுவது அதிகம், மூன்று வருட ஃபேஷன் டிகிரியோடு வருபவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் சுமார்தான், டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் படித்திருந்தால் மில், டெஸ்டிங் லேப் என்று வேறு பக்கமும் போகலாம் என்றெல்லாம் சொன்னார். இந்தக் கடைசி விஷயத்தை அப்பா இரண்டு முறை திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

நீட் வகுப்பைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நிறுத்தினார்கள். கட்டிய பணத்தில் எதுவும் திரும்ப வரவில்லை, மீதிப் பாதியைக் கட்ட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு மிச்சம். குரூப்பை மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னேன். காலாண்டு முடிந்த பிறகு குரூப் மாற்றினால் விட்டுப்போன பாடம் எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும், தவிர பயோ மேத்ஸில் கணிதம் இருப்பதால் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு எந்தத் தடையும் இல்லை. அந்தக் கட்ஆஃப் 200க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் அதில் சேராது. இதைக் கேட்டதும் அவள் உயிரியலை நிம்மதியாகப் படிக்க ஆரம்பித்தாள், மதிப்பெண்ணும் ஏறியது. உயிரியல் ஆசிரியருக்கு இன்றுவரை இதில் கொஞ்சம் வருத்தம்.

தொடர்ந்து நடந்தது

ஒரு வருடத்துக்கு மேல் பேச்சும் மௌனமுமாகப் போனது. அப்பா நடுவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் சாய்ந்தார், பக்கத்து யூனிட்காரரின் மகன் கோயம்புத்தூரில் ஐடி வேலையில் சேர்ந்த நேரம் அது. மகள் மூன்று வருட ஃபேஷன் படிப்புதான் வேண்டும் என்று நின்றாள். ஃபேஷன் படிப்புக்கான மத்திய அரசு நிறுவனமான சென்னை நிஃப்ட்டைப் பற்றி விசாரித்தோம், நான்கு வருடக் கட்டணம் லட்சங்களில் போவதைப் பார்த்ததும் அவளே விட்டுவிட்டாள்.

முடிவை ஒரு வகையில் அம்மாதான் எடுத்தார். அதுவரை எல்லாக் கூட்டத்துக்கும் அப்பாதான் வந்திருந்தார், யூனிட்டை விட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வர முடியாது என்பதால். பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு ஒருநாள் அம்மா வந்தார். அவர் செக்கிங் டேபிளில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர். மகளுக்கு டாக்டர் ஆசை இல்லை என்பது அவருக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, அது அவருக்கும் தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சேதான் கட்டறாரு, டாக்டருக்குப் படிச்சாத்தான் இந்தத் தொழிலவிட்டுப் போவான்னு நெனைக்கிறாருன்னு இருந்தேன் என்றார். மூன்றாவதாக ஒரு ஊகம், அதுவும் பாதி சரி. அவர் கேட்டது எளிமையாக இருந்தது: நாலு வருசப் படிப்பு, இன்ஜினியர்னு பேரும் இருக்கணும், துணி சம்பந்தமாவும் இருக்கணும், அப்பிடி ஒண்ணு இருக்குங்களா? அது எங்கள் பட்டியலில் முதலிலிருந்தே இருந்ததுதான். அப்பாவுக்கு அது பனியன் லைனாகத் தெரிந்தது, மகளுக்கு அது மில் படிப்பாகத் தெரிந்தது, இருவருமே தள்ளி வைத்திருந்தார்கள். அம்மா சொன்ன பிறகு இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

2024இல் பொறியியல் கலந்தாய்வு மூலம் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.டெக். டெக்ஸ்டைல் டெக்னாலஜி கிடைத்தது. முதல் பட்டதாரி சலுகை இருந்ததால் கட்டணச் சுமை கொஞ்சம் குறைந்தது. அந்த டிசம்பரில் புதுமைப் பெண் திட்டத்தை அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் நீட்டித்தார்கள், மாதம் 1000 ரூபாய் அவளுக்கும் வருகிறது.

அப்பா போட்ட நிபந்தனை ஒன்று உண்டு. படிப்பு முடிந்த பிறகு வங்கித் தேர்வு ஒரு முறையாவது எழுத வேண்டும். அவள் சரி என்றிருக்கிறாள். அது மனதார சொன்ன சரியா, கல்யாண வீட்டு டாக்டர் மாதிரியா என்று நான் கேட்டபோது சிரித்தாள். எழுதுவேன் மிஸ், ஆனா பாஸாக மாட்டேன்னு அப்பாவுக்கும் தெரியும், அதையும் சொல்லிட்டுத்தான் ஒத்துக்கிட்டேன் என்றாள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் தடுமாறின, ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு வேலை குறைந்தது. அப்பா எனக்குப் போன் செய்தார். பாத்தீங்களா டீச்சர் என்றார், குத்திக் காட்டும் குரலில் இல்லை, ஆனால் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறது. அவர் பயந்தது நியாயமான பயம்தான் என்று நான் ஒத்துக்கொண்டேன். அந்த வாரம் மகள் ஹாஸ்டலிலிருந்து வந்து, எந்தக் கம்பெனி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறது, எது அமெரிக்காவுக்கு என்று அவர் வாங்கும் வேலையைப் பிரித்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை அதை ஒத்தாசை என்று அவர் சொல்லவில்லை. மற்றபடி அவள் இந்தத் தொழிலுக்கு வருவதில் அவருக்கு இன்னமும் முழுச் சம்மதம் இல்லை.

இனி மாற்றுவது

தாளில் மூன்றாவது கேள்வி ஒன்றைச் சேர்த்துவிட்டோம்: அது உங்களுக்கு எப்படித் தெரியும்? எப்போது, யார் சொன்னது? இந்த வீட்டில் வேலை செய்தது அந்தக் கேள்விதான், நான் அதை வாய்மொழியாகக் கேட்டதால். பதில் பழையதாகவோ வேறு யாரோ சொன்னதாகவோ இருந்தால் அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைக்கிறோம். முன்பு இரண்டு தாளும் பொருந்தினால் பிரச்சினை இல்லை என்று விட்டுவிடுவோம். இப்போது பொருந்தினாலும் மூன்றாவது கேள்வியைப் பார்க்கிறோம், ஏனென்றால் தற்செயலாகவும் பொருந்தும்.

பெற்றோருக்கு இன்னொரு கேள்வியும் வைத்திருக்கிறோம்: உங்கள் பிள்ளை எந்த வேலைக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறீர்கள், ஏன்? எதை விரும்புகிறீர்கள் என்று கேட்டால் பேங்க், கவர்மெண்ட் என்று பொதுவாக எழுதுபவர்கள், எது வேண்டாம் என்று கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்கிறார்கள், அதில்தான் அவர்கள் வாழ்க்கை இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் பலர் முதன்முறையாக அப்போதுதான் கேட்கிறார்கள்.

அப்பா, அம்மா இருவருக்கும் தனித்தனித் தாள். ஒருவர்தான் வர முடியும் என்றால் மற்றவர் தாள் வீட்டுக்குப் போகும், பிள்ளை கையில் கொடுத்தனுப்பாமல் ஒட்டிய கவரில்.

பதினொன்றாம் வகுப்பு நவம்பர் தாமதம். குரூப் எடுத்து, கோச்சிங் கட்டணம் கட்டிய பிறகு கேட்டு என்ன பயன்? இனி பத்தாம் வகுப்பு ஜனவரியிலேயே நடத்துகிறோம். அன்றைக்கே ஒதுக்கீடு, சலுகை விவரங்களில் எது அரசுப் பள்ளிக்கு மட்டும், எது எங்கள் பள்ளிக்கும் உண்டு என்று ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

கூட்டம் சனிக்கிழமை இல்லை. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், தாயும் தகப்பனும் யூனிட்டை விட்டு நகர முடியாது. ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தால் இருவருமே வருகிறார்கள், தீபாவளிக்கு முந்தைய வாரங்களைத் தவிர.